ரகுநாத் இன்னும் சிரிக்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, ஒரு சினிமா வசனத்தில் ஓர் ஆளின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயர் போடுவது. ஒரே ஒரு சொல். திங்கட்கிழமை அதற்கு டப்பிங். அந்த ஒரு சொல் கிடைக்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

படத்தைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். அது ஒரு போர்ப் படம். பாட்டு கிடையாது, நாயகி கிடையாது, கடைசியில் கொடி அசைவதும் கிடையாது. ஒரு டேங்க், அதற்குள் நான்கு பேர்: கமாண்டர், குண்டு சுடுகிற கன்னர், குண்டு நிரப்புகிற லோடர், ஓட்டுநர். பல சண்டைகள் பார்த்து மரத்துப்போனவர்கள். பக்கத்தில் பிணம் கிடக்கும்போதே எஞ்சின் சூட்டில் டீ போட்டுக் குடிப்பார்கள். புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தால் ஒரு வாரம் வரை அவன் பெயரைக் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் உயிரோடு இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்பது கமாண்டரின் கொள்கை. அந்தக் காட்சியை எழுதியது நான்தான். எழுதிய அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. கடைசியில் நால்வரும் சாகிறார்கள். முதலில் சாகிறவன் ஓட்டுநர்.

இயக்குநர் செம்மலுக்கு இது முதல் படம். பாலைவனம் வரை ஆட்களைக் கூட்டிப்போக அவருக்கு வசதி இல்லை. குளத்தூர்ப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயைப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் நம்ம எல்லை" என்று சொல்லிவிட்டார். சித்திரை மாதத்தில் எங்கள் மாவட்டத்துக் கண்மாய்களைப் பார்த்தவர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். கருவேல மரம் தெரியாமல் கேமராவைத் திருப்பிக்கொண்டால் போதும்.

(படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைப்பது என்றாலே எங்கள் எல்லோருக்கும் இப்போது ஒரு தயக்கம் வந்துவிட்டது.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன். இருந்தாலும் நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைக்கிறேன்.

ஒன்று: 'கண்மாய்க்குள் ஒரு பீரங்கி வண்டி உறுமிக்கொண்டு வந்தது. கரைமேல் நின்ற ஆடுகள்—'

ஆடுகள் வேண்டாம். உண்மையிலேயே ஆடுகள் நின்றன, இரண்டு ஷாட்டைக் கெடுத்தன. ஆனால் முதல் வரியில் ஆடு வந்தால் இது வேடிக்கைக் கதை என்று நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

இரண்டு: 'போர் என்பது மனிதன் தன்னைத் தானே—'

இதை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.

மூன்று: 'செங்கமலத்துக்கு ஒரே மகன். பெயர் ரகுநாத். அவன் ராணுவத்தில் டேங்க் ஓட்டுகிறான்.'

இது நேராக இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் மகன் சாகப்போகிறான் என்று மூன்றாவது வரியிலேயே முடிவு கட்டிவிடுவீர்கள். கதையில் ஒரே மகன் பட்டாளத்துக்குப் போனால் வேறு எதற்குப் போகிறான்? அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இதை எழுதும் இந்த நிமிடம் வரை ரகுநாத்துக்கு எந்தக் கெட்டதும் நடந்ததாகச் சேதி இல்லை. ராஜஸ்தானில் ஏதோ ஒரு மணல்வெளியில் பயிற்சியில் இருக்கிறான். போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்புவார்களாம். திரும்பி வந்து எப்போது கூப்பிடுவான் என்று வீட்டுக்குத் தெரியாது.

சரி, அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன்.

3

ரகுநாத்தின் அப்பா நாகராசு. இனி இந்தக் கதையை அவர் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லப்போகிறேன். அனுமதி கேட்டதற்கு, "எழுதுங்க சார், அங்கிட்டு ஒண்ணும் பெருசா இல்ல" என்றார். அது பொய் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாகராசுவுக்குக் கண்மாய்க்குப் பக்கத்தில் கடலைக் கொல்லை. ஒரு டிராக்டர். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கழுவிச் சந்தனம் வைப்பவர். அப்படிப்பட்டவரிடம் போய், "ஒங்க டிராக்டர் மேல பலகையும் தகரமும் அடிச்சு டேங்க் மாதிரி மாத்திக்கிறோம்" என்றால் என்ன சொல்வார்? "வேற வண்டி பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டார். செம்மலும் நானும் வரப்பில் நின்றோம்.

நாலு எட்டு போனவர் திரும்பினார்.

"என்ன வண்டின்னு சொன்னீங்க?"

"டேங்க்ண்ணே. பீரங்கி வண்டி."

"எம்மவன் டேங்குதான் ஓட்டுறான்" என்றார். மம்பட்டியைக் கீழே வைத்தார். "இந்த டிராக்டர்லதான் அவன் ஓட்டவே பழகுனான். ஒங்க படத்துல டேங்க் ஓட்டுறவன் பேரு என்ன?"

"பாஸ்கர்னு எழுதியிருக்கேன்" என்றேன்.

"பாஸ்கரு எதுக்கு? ரகுநாத்துன்னு வைங்க. வைக்கிறதுன்னா நாளைக்கே வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன். நானே ஓட்டுறேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

செம்மல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாஸ்கரை எடுத்துவிட்டு ரகுநாத்தைப் போடுவதில் எனக்கு என்ன நஷ்டம்?

அந்த ஓட்டுநர் பிழைப்பானா என்று நாகராசு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்து வளர்ந்த படங்களில் பெயர் இருக்கிறவன் கடைசியில் மாலையோடு ஊருக்கு வந்து இறங்குவான். கதையை வெளியே சொல்லக் கூடாது என்பது செம்மலின் கட்டளை, அதனால் நாங்களும் சொல்லவில்லை.*

* ரகுநாத் நிஜத்தில் ஓட்டும் டேங்கில் மூன்று பேர்தானாம். எங்கள் படத்தில் நான்கு பேர். நான்காவது நடிகர் தயாரிப்பாளரின் மைத்துனர்.

4

டேங்க் பத்து நாளில் தயாரானது. ஒட்டுப்பலகை, தகரம், பச்சைச் சாயம். பழைய டயர்களை வெட்டிக் கோத்துச் சக்கரத்தை மறைத்திருந்தார்கள். பீரங்கிக் குழாய், போர்வெல்லுக்கு இறக்கும் பிவிசி பைப். தூரத்திலிருந்து பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. கிட்டே போனால் மாட்டுக் கொட்டகை மாதிரி இருந்தது.

நாகராசுவின் இடம் அதன் வயிற்றுக்குள். ஸ்டியரிங்குக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதன் வழியே தெரிகிற கண்மாய்தான் அவருக்கு உலகம். தலையில் ஈரத் துண்டு. வெளியே உதவி இயக்குநர் பையன் நிலா தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் கிளம்ப வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

வேக்காடு தாங்காத வேலைதான். ஆனால் நாகராசு அதை அனுபவித்துச் செய்தார். தலைக்கு மேலே நின்றுகொண்டு கமாண்டர் கத்துவார்: "ரகுநாத், லெஃப்ட்ல ஒடி! ரகுநாத், நிறுத்துடா!" ஓட்டுநராக நடித்தவர் முன்பக்க ஓட்டையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்பார். உள்ளே நிஜமாக ஒடித்ததும் நிறுத்தியதும் நாகராசு. மகன் பெயரைச் சொல்லி யாரோ தன்னை அதட்டுவது அவருக்கு இனித்தது. இப்படித்தானே அங்கே அவனையும் அதட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது செங்கமலத்திடம் ஒன்று விடாமல் சொல்வார். செங்கமலம் அதை மறுநாள் நூறு நாள் வேலையில் மற்ற பெண்களிடம் சொல்வார். சொல்லச் சொல்ல அந்த டேங்க் ஊருக்குள் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலை ஒத்திகை. மேலே கமாண்டர் கூப்பிட்டார்.

"ரகுநாத்... டேய் ரகுநாத்..."

பதில் இல்லை. வழக்கமாக வரும் 'சரிங்க சார்' வரவில்லை. நாகராசு இடுக்கின் வழியே பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு கமாண்டர் தன் ஆட்களிடம், வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"ரகுநாத் போயிட்டான்."

எஞ்சின் நின்றுவிட்டது. நாகராசு பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"போயிட்டான்னா, எங்கிட்டு சார் போறான்?"

நடிகர்கள் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து அவரிடம் போனேன். எழுதியவன் நான்தானே.

5

அன்று வேப்பமரத்தடியில் நடந்த பேச்சுவார்த்தையை அப்படியே தருகிறேன். இதில் நான் எதையும் மெருகேற்றவில்லை.

"மயக்கம் போட்டுட்டான்னு வைங்க சார்."

"இல்லண்ணே."

"எதிரிக்காரன் பிடிச்சிட்டுப் போயிட்டான்னு வைங்க. பெறகு விட்டுருவான்."

"அண்ணே..."

"ஒரு கை போனாக்கூடப் பரவால்ல சா—" என்றவர் பாதியில் நிறுத்தி வாயில் அடித்துக்கொண்டார். இரண்டு தடவை. பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

செம்மல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. "அண்ணே, இந்தப் படத்துல யாருமே திரும்பி வரமாட்டாங்க. அதுக்குத்தாண்ணே படமே எடுக்குறேன்" என்றார். "சண்டைன்னா என்னன்னு பாக்குறவனுக்கு வயிறு கலங்கணும்."

"எனக்குக் கலங்கிருச்சு தம்பி" என்றார் நாகராசு. "பேரை மாத்திருங்க."

முக்கால் படம் முடிந்திருந்தது. எல்லாக் காட்சியிலும் ரகுநாத், ரகுநாத் என்று கூப்பிட்டிருந்தார்கள். செம்மல் சினிமாக்காரர்கள் எல்லாச் சிக்கலுக்கும் சொல்லும் பதிலைச் சொன்னார்: "டப்பிங்ல மாத்திக்கலாம்ணே."

வாயசைவின் மேல் வேறு குரலைப் பதிந்துகொள்ளலாம் என்று விளக்கிச் சொன்னதும் நாகராசு ஒருவழியாகச் சமாதானமானார். ஒரே ஒரு நிபந்தனை. "அதுவரைக்கும் செங்கமலத்துக்குத் தெரிய வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே பயந்துக்கிறேன்."

அன்று மதியம் அந்தக் காட்சியை எடுத்தார்கள். அதில் ஓட்டுநர் செத்துவிடுகிறான், ஆனால் அவன் கால் பெடலின் மேலேயே கிடக்கிறது. டேங்க் தன்பாட்டுக்கு மெதுவாகப் போய், தானாக நிற்க வேண்டும். அதாவது, செத்தவன் ஓட்டுகிற மாதிரி நாகராசு ஓட்ட வேண்டும்.

ஒரே டேக்கில் ஓட்டினார். செம்மலுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே என்ன நடந்தது என்று நாகராசு பிற்பாடு என்னிடம் சொன்னார். அவ்வளவு நேரமும், "பாஸ்கரு, நீ பாஸ்கரு, பாஸ்கரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே ஓட்டினாராம்.

6

இப்போது எனக்கு ஒரு தொல்லை. செங்கமலத்தை எப்படி எழுதுவது?

பட்டாளத்து அம்மா என்றதும் பேனா தன்னால் ஈரமாகிவிடுகிறது. 'அந்தத் தாயின் கண்களில்—' என்று ஒரு வரி எழுதி அடித்தேன். 'வாசலையே பார்த்தபடி—' என்று இன்னொன்று, அதையும் அடித்தேன். செங்கமலம் வாசலைப் பார்த்தபடி உட்காருகிற ஆள் இல்லை. உட்கார நேரமும் இல்லை. கண்டிப்பான குரல், வாய் நிறையக் கேலி. என்னை முதல் தடவை பார்த்தபோது, "வசனம் எழுதுறவரா? அப்ப வீட்டுல பேச்சு கொறச்சலா இருக்குமே" என்றவர். அவரிடமும் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஆனா அழுக வச்சு எழுதாதீங்க. நான் அழுகுறத எங்க வீட்டுக்காரரே பாத்ததில்ல" என்றார். அதனால் அவர் தலைக்குள் நான் போகவில்லை. வெளியில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டுநராக நடித்தவர் சென்னைப் பையன். அவருக்கு மோர் கொண்டுவருவது செங்கமலத்தின் வழக்கமாகிவிட்டது. "எலேய் ரகுநாத்து, இங்கிட்டு வா" என்று கண்மாய்க் கரையிலிருந்தே குரல் வரும். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். தூக்குவாளியை வாங்கி நின்றபடியே குடிப்பார். "ஒக்காந்து குடி, பொறையேறும்" என்பார் செங்கமலம்.

(இந்தப் பத்தி கொஞ்சம் அதிகமாக இனிக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் மோரில் உப்பு எப்போதும் அதிகம் என்று அந்த நடிகர் என்னிடம் முனகியதும் உண்மைதான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.)

7

எங்கள் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. சாகிற மாதிரி நடித்தவர் கடைசி நாளன்று சாயத்தைக் கழுவும் முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள், பிடித்துத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். செத்தது நிஜமில்லை என்று யாருக்கோ காட்டுவதற்காக. யாருக்கு என்று கேட்கக் கூடாது. செம்மல் சாமி கும்பிடாதவர், எலுமிச்சம்பழம் சுற்றினால் கோபப்படுகிறவர். ஆனால் செத்தவர் சிரிக்காமல் எந்த ஒளிப்பதிவாளரும் கேமராவை மூட மாட்டார், எங்கள் ஒளிப்பதிவாளரும் அப்படியே. எல்லோரும் சிரித்து முடித்ததும் பூசணிக்காய் உடைப்பார்கள்.

கடைசி நாள் படப்பிடிப்பு. நால்வரும் செத்துக் கிடக்கும் காட்சி. அன்றைக்கென்று நாகராசு மனைவியை ஏதோ சாக்குச் சொல்லி இலுப்பூருக்கு அனுப்பியிருந்தார். பொழுது சாயும்போதுதான் வருவார் என்பது அவர் கணக்கு. செங்கமலம் போன வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டார். கடைசி நாளாச்சே, பையனுக்கு மோர் கொடுக்க வேண்டாமா? தூக்குவாளியோடு கரையேறி வந்துவிட்டார்.

நாகராசு அப்போது டேங்குக்குள் இருந்தார். இடுக்கின் வழியே முதலில் தெரிந்தது அந்தத் தூக்குவாளி.

வெளியே நிலா கூவிக்கொண்டிருந்தான். "செத்தவங்கல்லாம் இங்கிட்டு வாங்க! கமாண்டர் சிரிச்சாச்சு. கன்னர் ஆச்சு, லோடர் ஆச்சு. ரகுநாத் எங்கப்பா? ரகுநாத் இன்னும் சிரிக்கல!"

"என்ன தம்பி வெளையாட்டு இது?" செங்கமலத்தின் குரல்.

"வெளையாட்டு இல்லம்மா. செத்த மாதிரி நடிச்சவங்க சிரிச்சுட்டுத்தான் போகணும். இல்லாட்டி ஆகாது."

"யாரு செத்தா?"

"நாலு பேருந்தான்."

"ரகுநாத்துமா?"

"அவருதாம்மா மொதல்ல."

நிலாவுக்கு ஒன்றும் தெரியாது. அவனை யாரும் எச்சரித்து வைக்கவில்லை. நாகராசு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தகரத்துக்குள் இருக்கும்வரை தன்னை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்துக்கொண்டார்.

அந்த நடிகர் வந்தார். நெற்றியில் குண்டு பாய்ந்த ஓட்டை, ஒப்பனைக்காரர் வேலை அவ்வளவு சுத்தம். முகம் பாதி ரத்தம். அதே முகத்தோடு, "அம்மா, வந்துட்டீங்களா?" என்றார்.

செங்கமலம் வாளியைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"சிரிப்பா."

நடிகர் கேமரா முன் நின்றார். உதட்டை இழுத்தார். "இது சிரிப்பில்ல பிரதர்" என்றார் ஒளிப்பதிவாளர்.

"சிரி சாமி" என்றார் செங்கமலம். குரல் இறங்கியிருந்தது.

அவர் மறுபடியும் முயன்றார். முடியவில்லை. திறமையான நடிகர், ஒரே டேக்கில் செத்தவர். மூன்றாவது தடவை உதடு கோணி, கையால் கண்ணை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். ஒளிப்பதிவாளர் கேமராவை மூடவில்லை. பூசணிக்காயை வைத்திருந்த ஆள் அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

8

"பேரை மாத்துங்க" என்றார் செங்கமலம். "மாத்துனாத்தான் இந்தப் பையனுக்குச் சிரிப்பு வரும்."

"மாத்துறதாத்தாம்மா இருக்கோம். டப்பிங்ல—"

"அந்தப் பிங்கெல்லாம் எனக்குத் தெரியாது. என்ன பேரு, இப்பச் சொல்லுங்க."

டேங்குக்குள்ளிருந்து, "பாஸ்கரு!" என்று ஒரு குரல் வந்தது.

செங்கமலம் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளதான் இருக்கீங்களா? நல்லாருக்கு. பாஸ்கரு நம்ம ரேசன் கடைக்காரரு மகன். நமக்குக் கடலை பறிக்க வந்த பிள்ள. அவன் ஆத்தா மூஞ்சில நாளைக்கி எப்புடி முழிப்பீங்க?"



செம்மல் நாற்காலியைப் போட்டுச் செங்கமலத்தை உட்கார வைத்தார். நாங்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது அந்தக் கண்மாய்.

"சூசைராஜ்?"

"குளத்தூரு பஸ்ஸு ஓட்டுற அண்ணன். கையக் காட்டுனா எங்க வேணா நிப்பாட்டுவாரு. வேணாம்."

"மதுரைவீரன்?"

"சாமி பேரு. சாமியவே சாகடிப்பீங்களா?"

"ரெங்கசாமி?"

"எங்கப்பாரு."

அழுது முடித்த நடிகர், "என் பேரையே வச்சுக்குங்கம்மா" என்றார்.

"ஒங்கம்மா இருக்காங்கள்ல?"

"இருக்காங்க."

"அப்பப் பேசாம இரு."

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். யாரும் வைக்காத தனித்தமிழ்ப் பெயர் ஒன்று வைத்தால் என்ன? "நிலவழகன்னு வைப்போம். அப்படி யாரும் இருக்க மாட்டாங்க."

"சார், நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான் நிலா. இத்தனை நாளும் அவன் முழுப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவன் வீடு திருவரங்குளம் என்பதுகூட அன்றுதான் எனக்குத் தெரியும்.

"வடநாட்டுப் பேரு ஏதாவது வச்சிருவோம்" என்றார் செம்மல். செங்கமலம் தலையாட்டினார், வேண்டாம் என்று. "எம்மவனுக்குப் பக்கத்துக் கட்டிலு ஒரு பஞ்சாப்புக்காரப் பையன். போன்ல வருவான். நம்ம பாசை தெரியாது. 'அம்மா, சாப்ட்டியா?' அம்புட்டுதான் தெரியும். தெனமும் அதையே கேப்பான்."

கடைசியில் செம்மல், "பேரே வேணாம்மா. டிரைவர்னு கூப்பிட்டுட்டுப் போறோம். 'டிரைவர் போயிட்டான்.' அம்புட்டுதான்" என்றார்.

இதற்கு மட்டும் செங்கமலம் வெகுநேரம் யோசித்தார். நல்ல வழி கிடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

"பேரு இல்லாம செத்தா, சேதிய எந்த வீட்டுல போயிச் சொல்வாங்க?" என்று கேட்டார்.

9

இந்த இடத்தில் கதையை முடிக்க எனக்குச் சில வழிகள் இருக்கின்றன. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் வழி. செங்கமலத்தின் போன் அடிக்கிறது. ரகுநாத். பயிற்சி முடிந்து போனைக் கொடுத்துவிட்டார்கள். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். "ஆத்தா, இங்க பயிற்சியில வாரம் ரெண்டு தடவ எங்களச் செத்தவங்கன்னு குறிச்சிருவாங்க. ஓரமாப் போய் ஒக்காருன்னுருவாங்க. நாங்க ஒக்காந்து ரொட்டி திம்போம்." அவன் சிரிப்பு ஸ்பீக்கரில் கேட்கிறது, நடிகரும் சிரித்துவிடுகிறார், பூசணிக்காய் உடைகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. ஆனால் போன் அடிக்கவில்லை.

இரண்டாவது வழி. 'அடுத்தவ பிள்ள பேரு எதுக்கு? எம்மவன் பேரே இருக்கட்டும்' என்று செங்கமலம் சொல்லிவிடுகிறார். நீங்கள் அழுவீர்கள். எனக்கு ஏதாவது ஒரு சங்கத்தில் சால்வை போடுவார்கள். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அவருக்கு ஒரே பிள்ளை.

மூன்றாவது வழி. நாகராசு எஞ்சினை உயிர்ப்பித்து, தகரமும் பலகையும் பிய்ந்து விழ, டிராக்டரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு—

இது செம்மல் சொன்ன முடிவு. இயக்குநர்கள் இப்படித்தான்.

நடந்தது இது எதுவும் இல்லை.

10

செங்கமலம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான எழுதுனது?"

"ஆமாங்கம்மா."

"ஒங்களுக்குப் பையன் இருக்கானா?"

"இருக்கான்."

"பேரு என்ன?"

"அவனுக்குப் பதினாறு வயசுதாம்மா ஆகுது" என்றேன்.

"வயசக் கேக்கல. பேரைக் கேட்டேன்."

பெயர் எனக்குத் தெரியும். நான் வைத்த பெயர்தான். மாமனார் வீட்டில் வேறு பெயர் சொன்னபோது சண்டை போட்டு வைத்த பெயர். கமாண்டரின் வாயசைவுக்குக்கூடப் பொருந்தும். அதை நான் வேண்டுமென்று பொருத்திப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம், மனம் தானாகப் பார்த்துவிட்டது. பார்த்ததும் தள்ளிவிட்டது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, சகுனம் பார்க்கிறவன் இல்லை. சினிமாவில் இதுவரை எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். ஒரு படத்தில் ஒரு கல்யாண வீட்டையே கொளுத்தினேன். வாயைத் திறந்தேன், அந்த மூன்று எழுத்து வெளியே வரவில்லை. இதோ, இங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

செங்கமலம் கோபமாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"வரலல்ல?" என்றார். "வராது."

எழுந்துபோய்த் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பலகைக் கதவைத் திறந்துகொண்டு நாகராசு இறங்கி வந்தார். துண்டு தலையிலேயே இருந்தது. செங்கமலம் வாளி மூடியில் மோரை ஊற்றி முதலில் நடிகரிடம் கொடுத்தார், அப்புறம் புருஷனிடம், அப்புறம் என்னிடம். உப்பு அதிகம்தான்.

அன்று நடிகர் சிரிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் லென்ஸின் மேல் ஒரு துணியைப் போட்டு எடுத்துப் போனார். "மூடல, சும்மா துணி போட்டிருக்கேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

11

இனி உங்கள் பாடு.

மற்ற வசனமெல்லாம் பதிவாகிவிட்டது. படம் முழுக்க அவனைக் கூப்பிடும் இடங்களில் செம்மல் காற்றுச் சத்தத்தையும் எஞ்சின் சத்தத்தையும் ஏற்றிச் சமாளித்துவிட்டார். இந்த ஓர் இடத்தில் முடியாது. எஞ்சின் நின்றுவிட்டது, காற்றும் இல்லை, கமாண்டரின் முகம் திரை முழுக்க இருக்கிறது. ஒரு பெயர் சொல்லும் நேரத்துக்கு அவர் உதடு அசைகிறது. அந்த நேரத்துக்குள் ஒரு பெயர் வேண்டும்.

உங்களுக்கு நாகராசுவையும் செங்கமலத்தையும் தெரியாது. கண்மாயைப் பார்த்திருக்க மாட்டீர்கள். படத்தையும் பார்ப்பீர்களோ என்னவோ. உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்றுதான் உங்களிடம் வந்தேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே ஒரு பெயர் தோன்றியிருக்குமே? அதை ஏன் உடனே தள்ளிவிட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அடுத்த பெயரைச் சொன்னாலும் போதும். எந்த வீட்டுப் பிள்ளை என்றும் கேட்க மாட்டேன். செங்கமலத்திடமும் சொல்ல மாட்டேன்.

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிவிடுங்கள்.

"_____________ போயிட்டான்."